முதல் குக்குரி: எடை, தோய்ச்சல், பிடி

குக்குரி என்பது நேபாளத்தின் வளைந்த வெட்டுக்கத்தி. முதல் குக்குரி வாங்குகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, பெரிதாக வாங்கிவிடுவதுதான். படத்தில் 11 அங்குல அலகும் (கத்தியின் இரும்புப் பகுதி) 15 அங்குல அலகும் ஒரே மாதிரி தெரியும். கையில் எடுத்து இருபது வெட்டு வெட்டினால்தான் வித்தியாசம் புரியும். விறகு தறிக்க, கூடார முளை சீவ, வழியில் கிடக்கும் கிளையைக் கழிக்க 10 முதல் 11 அங்குல அலகு, அதாவது 25 முதல் 28 செ.மீ., தாராளம். எடை 500 முதல் 650 கிராமுக்குள் இருக்கட்டும். 800 கிராமைத் தாண்டியது முதல் பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி வெட்டும். அப்புறம் மணிக்கட்டு தளர்ந்து குறி தவறும். குறி தவறிய குக்குரி கீழே இறங்கும் இடம் பெரும்பாலும் முழங்கால்.

எடை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அலகின் முதுகை ஒரு விரல்மேல் வைத்து, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று தேடினால் தெரியும். பூணிலிருந்து, அதாவது அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள உலோக வளையத்திலிருந்து, 6 முதல் 8 செ.மீ. முன்னே நின்றால் வெட்டவும் வரும், சீவவும் வரும். முதுகின் கனம் பூணருகே 8 அல்லது 9 மி.மீ. இருந்து, நுனிக்குப் போகப்போக மெலிய வேண்டும். கடைசிவரை ஒரே கனத்தில் இருக்கும் அலகு கடப்பாரைபோல முன்னால் இழுக்கும்.

வடிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிருபாத்தே என்பது சிரு புல்லின் இலைபோல ஒடுங்கிய அலகு. எடை குறைவு, வேகமாக வீசலாம், புதருக்கும் விரல்கனக் கிளைக்கும் நல்லது, கட்டைக்கு ஆகாது. போஜ்பூரே வயிறு, அதாவது அலகின் புடைத்த வெட்டும் பகுதி, அகன்றது, விறகுக்கு ஏற்றது. ஆங்கோலா முதுகை ஒட்டிக் குழிவாகக் கடையப்பட்டது, அதனால் அகலம் குறையாமல் எடை குறைகிறது. மூன்று பள்ளம் கடைந்த தீன் சிர்ராவும் அப்படித்தான், ஆனால் வேலைப்பாடு அதிகம் என்பதால் விலையும் ஏறும். முதல் கத்திக்கு, படையில் கூர்க்கா வீரர்களுக்குக் கொடுக்கும் மாதிரியை ஒட்டிய நடுத்தர வயிறுள்ள அலகே போதும்.

* * *

மேலே சொன்னதோடு பிடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதுக்கு வருகிற குக்குரிகளில் அலகைவிடப் பிடியில்தான் கோளாறு அதிகம்.

இரண்டு வகை உண்டு. ஒன்றில் அலகின் வால் குச்சிபோல ஒடுங்கிப் பிடிக்குள் போகிறது. அரக்கு கலந்த பசை, நேபாளத்தில் லாஹா என்பார்கள், அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இன்னொன்று பானவால்: வால் பிடியின் முழு அகலத்துக்கும் வந்து, இருபுறமும் மரத் துண்டு வைத்து ஆணி அடித்தது. முழு வால் என்றாலே உறுதி என்று நினைத்துப் பலர் பானவாலைத் தேடுகிறார்கள். உறுதிதான். ஆனால் பிடியில் இரும்பு கூடுவதால் சமநிலை பின்னால் நகர்கிறது, வெட்டின் அதிர்வும் நேரே உள்ளங்கைக்கு வருகிறது. ஒழுங்காகச் செய்த ஒடுங்கு வால் நாள்முழுக்க வேலைக்குத் தாங்கும், கை நோவும் குறையும்.

லாஹாவுக்கு எதிரி சூடு. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டாலும், நெருப்போரம் சாய்த்து வைத்தாலும் அரக்கு இளகிப் பிடி ஆடத் தொடங்கும். வாங்கும்போதே சோதிக்க, பிடியை இறுக்கிப் பிடித்து அலகின் முதுகை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று ஒரே ஒலி வந்தால் சரி. கடகடத்தால், அல்லது பிடிக்குள் ஏதோ நகர்வதுபோல உணர்ந்தால், உள்ளே பசை விட்டிருக்கிறது. பூணுக்கும் பிடிக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அதில் தண்ணீர் இறங்கி வால் துருப்பிடிக்கும். சின்ன இடைவெளி என்றால் எபாக்சிப் பசை ஊற்றி அடைத்துவிடலாம்.

எருமைக் கொம்புப் பிடி பார்க்க அழகு. வறண்ட காற்றில் சுருங்கும், விரிசல் விடும், பூச்சியும் அரிக்கும். வேலைக் கத்திக்கு சிசௌ மரப்பிடியே மேல். பாலிஷ் மினுமினுப்பு வேர்த்த கையில் வழுக்கும். 220 நம்பர் உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

அளவையும் பாருங்கள். மரபான பிடி குட்டையானது, பின்முனை விரிந்திருக்கும். பெரிய கை உள்ளவர்களுக்கு அந்த விரிந்த விளிம்பு சுண்டுவிரல் பக்கம் கடிக்கும், அரை மணி நேரத்தில் கொப்புளம் கிளம்பும். அந்த விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டால் போதும். பிடியின் நடுவில் இருக்கும் வளையம் அழகுக்கு மட்டும் இல்லை. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே அது உட்கார்ந்தால் கத்தி முன்னால் நழுவாது.

* * *

எல்லாவற்றையும்விட முக்கியம் தோய்ச்சல், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நேபாளக் கொல்லர்கள் பெரும்பாலும் லாரியின் பட்டை ஸ்பிரிங் எஃகில்தான் குக்குரி அடிக்கிறார்கள். நல்ல எஃகு. அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, கெண்டியிலிருந்து தண்ணீரை வாய்ப்பக்கம் (வெட்டும் கூர் ஓரம்) மட்டும் ஓட்டி ஊற்றுவார்கள். தண்ணீர் பட்ட வயிற்றுப் பகுதி கெட்டிப்படும், முதுகும் வாலும் மெதுவாக ஆறி இளக்கமாக இருக்கும். வாய் கூர் நிற்பதும், முதுகு அதிர்ச்சியைத் தாங்குவதும் இதனால்தான். அதாவது ஒரே அலகில் பல கடினம் இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தால் எங்கோ தவறு.

சோதிக்க ஒரு சின்ன, புது அரம் போதும். வயிற்றின் வாய் ஓரத்தில், வெளியே தெரியாத அளவுக்கு லேசாக இழுங்கள். கெட்டியான இடத்தில் அரம் கடிக்காது, கண்ணாடிமேல் இழுப்பதுபோல வழுக்கும், கீச்சென்ற மெல்லிய ஓசை வரும். அதே அழுத்தத்தில் பூணருகே வாயில் இழுத்தால் கொஞ்சம் கடிக்கும். முதுகில் இழுத்தால் நன்றாகக் கடித்து மினுங்கும் தூள் உதிரும். வயிற்றிலும் முதுகைப் போலவே தூள் உதிர்ந்தால் தோய்ச்சலே இல்லை. அது அலமாரியில் வைக்கும் பொருள். முதுகும் வழுக்கினால் அலகு முழுக்கக் கெட்டி, முடிச்சு உள்ள கட்டையில் ஒரு நாள் விரியும்.

அடுத்து காய்ந்த கடினமான கிளையில் பத்து வெட்டு. பிறகு வாயை மேலே பார்க்கப் பிடித்து விளக்குக்கு நேரே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கறுத்த கோடாகவே தெரியும். எங்கே புள்ளியாக மினுங்குகிறதோ அங்கே வாய் மடங்கியிருக்கிறது அல்லது பல் விழுந்திருக்கிறது. நகத்தை அலகின் பக்கவாட்டிலிருந்து வாய்நோக்கி இழுத்தால், மடங்கலில் நகம் தட்டும். மடங்கல் என்றால் எஃகு இளக்கம் அல்லது வாய் அளவுக்கு மீறி மெல்லியது. பல் விழுந்தால் எஃகு விறைப்பு அதிகம், அல்லது வெட்டில் கையைத் திருகியிருக்கிறீர்கள்.

இங்கே அவசரப்பட வேண்டாம். சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது வாயின் மெல்லிய ஓரம் வெந்து இளகிப்போகும். புதுக் கத்தி முதல் நாளே மடங்கினால் ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி அந்த வெந்த ஓரத்தைக் கழித்த பிறகு உள்ளே நல்ல எஃகு கிடைக்கும் கத்திகள் நிறைய உண்டு. அப்புறமும் மடங்கினால்தான் குறை தோய்ச்சலில்.

வெடிப்புக்கு மண்ணெண்ணெய்ச் சோதனை. வாய் ஓரத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். வாயிலிருந்து முதுகுநோக்கிப் போகும் கோடு இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூணருகே இருக்கும் சோ என்ற பள்ளத்தின் உள்மூலைகளையும் பாருங்கள். அதற்குச் சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு என்று பல விளக்கம் சொல்வார்கள். பயன்படுத்துகிறவருக்கு வேண்டியது, மூலை வளைவாக இருப்பதுதான். கூர் மூலையில் வெடிப்பு தொடங்கும்.

* * *

இதுவரை உறை பற்றிச் சொல்லவில்லை. குக்குரியால் கை வெட்டுப்படுவதில் நிறைய உறையிலிருந்து உருவும்போதுதான். இரண்டு மரப் பட்டைகளை ஒட்டித் தோல் தைத்த உறை அது. வளைந்த அலகு வெளியே வரும்போது வயிறு, உறையில் கத்தியின் வாய் இருக்கும் பக்கத்தை உரசும். நாளாக நாளாக ஒட்டிய இடத்தை அறுத்துவிடும். உறையைச் சுற்றி விரல்களை வளைத்துப் பிடித்து உருவினால் அந்த நான்கு விரலும் வாய்க்கு நேரே இருக்கின்றன. கட்டைவிரல் ஒரு பக்கத் தட்டையிலும் மற்ற விரல்கள் மறுபக்கத் தட்டையிலுமாக, முதுகுப் பக்கத்திலிருந்து பிடிக்க வேண்டும். அலகின் முதுகை உறையின் முதுகோடு அழுத்தியபடியே வளைவின் போக்கில் உருவுங்கள். பாதியில் சிக்கினால் இழுக்காதீர்கள், திரும்ப உள்ளே தள்ளி மறுபடி தொடங்குங்கள்.

* * *

குக்குரியின் கூடவே வரும் இரண்டு குட்டிக் கருவிகளில், கர்தா சின்னக் கத்தி, சக்மக் கூர் இல்லாத தீட்டுகோல். மலிவு செட்டுகளில் கர்தாவுக்குத் தோய்ச்சலே இருக்காது. சக்மக் கெட்டியாக இருந்தால் மடங்கிய வாயை நிமிர்த்தலாம், சிக்கிமுக்கிக் கல்லில் அடித்துப் பொறியும் எடுக்கலாம். இளக்க இரும்பாக இருந்தால் இரண்டுக்கும் ஆகாது. மீன் நறுக்க, கயிறு அறுக்க 10 செ.மீ. அலகுள்ள தனிக் கத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டுவது பலருக்குப் புரிவதில்லை. அலகு உள்வளைவும் வெளிவளைவுமாக இருப்பதால் தட்டைக் கல் வயிற்றில் மட்டும்தான் படியும். உள்வளைவுக்கு உருளைக் கல், அல்லது விரல்கனக் கம்பில் சுற்றிய உப்புத்தாள் வேண்டும். வாய் V போல நேர்ச்சரிவாக இல்லாமல் புடைப்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற ரப்பர்மேல் 400 நம்பர் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, அலகைப் பின்னோக்கி, அதாவது வாய் பின்தொடர, இழுங்கள். தாள் அழுந்தி வளைவதால் புடைப்பு தானாக வரும். தொடங்கும்முன் வாய் ஓரம் முழுக்க மார்க்கர் மையைப் பூசுங்கள். மை முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் தாழ்வு, வாய் நுனியில் மட்டும் அழிந்தால் கோணம் உயர்வு. பிறகு 800, 1500. கூரை மயிர் வழிக்கும் அளவுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, அவ்வளவு மெல்லிய வாய் கட்டையில் நிற்காது.

* * *

வெட்டும் முறை. குச்சியை ஒடிப்பதுபோல நேராக அடிக்காதீர்கள். 45 டிகிரியில் ஒரு வெட்டு, எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று, நடுவில் சிம்பு தானாகத் தெறிக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் இறுக்கம், மற்றவை தளர்வு. படும் கணத்தில் மட்டும் முழுப்பிடி. கட்டை தரையில் இருந்தால் மண்டியிடுங்கள். நின்றபடி வெட்டினால் தவறிய அலகு காலுக்கு வரும், மண்டியிட்டால் மண்ணில் இறங்கும். கை நீட்டிக் கத்தியோடு சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் ஆளோ கொடியோ இருக்கக் கூடாது.

பிளப்பதற்குக் குக்குரியைக் கட்டையால் அடிப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். ஒடுங்கு வாலும் லாஹாவும் அதற்கானவை அல்ல. கைமணிக்கட்டு கனமுள்ள விறகென்றால் வெட்டிப் பதித்து, கட்டையோடு தூக்கி இன்னொரு கட்டைமேல் தட்டினால் பிளந்துகொள்ளும். பற்றவைக்கும் சுருள் சீவ, பூணருகே இருக்கும் உள்வளைவைப் பயன்படுத்துங்கள். அங்கே கைக்கு நெருக்கம் என்பதால் கட்டுப்பாடு அதிகம். கத்தியை அசைக்காமல் குச்சியைப் பின்னால் இழுத்தால் சுருள் ஒரே சீராக வரும்.

* * *

ஒரு மாற்றுக் கருத்து. கையால் அடித்த குக்குரிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆலையில் 3 மி.மீ. தகட்டில் வெட்டியெடுத்த குக்குரி வடிவ மச்செட்டி, புதருக்கும் இளங்கிளைக்கும் அருமை, தோய்ச்சலும் ஒரே தரமாக இருக்கும், தொலைந்தாலும் மனம் வலிக்காது. கட்டை பிளக்க மட்டும் அதனால் முடியாது, மெல்லிய தகடு மரத்தில் கவ்விக்கொள்ளும். பச்சைப் புதர் அதிகம் உள்ள இடமா, காய்ந்த கட்டை அதிகம் உள்ள இடமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

எதுவானாலும் துரு பிடிக்கும் எஃகுதான். புளிப்புச் சாறு உள்ள மரத்தை வெட்டினால் ஒரு மணி நேரத்தில் கறுப்பு ஏறும். அன்றே துடைத்து எண்ணெய் பூசுங்கள். நேபாளத்தில் கடுகெண்ணெய் பூசுவார்கள், சிலர் மினரல் ஆயிலை விரும்புவார்கள். உறைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், தோல் நமத்துத் தையல் விடும். நாள்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் உறையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள், ஏனென்றால் தோலில் இருக்கும் ஈரமும் பதனிட்ட ரசாயனமும் அலகில் புள்ளிபுள்ளியாகத் துருவை ஏற்றும்.