வீட்டுத் தறியில் நெய்ய நெய்ய துணியின் அகலம் குறையுது, ஓர இழை அறுந்து போகுது – உதவி தேவை

நூல்கண்டு, தாம்பரம்:

எல்லாருக்கும் வணக்கம். மேசை மேல வச்சு நெய்யற சின்னத் தறி ஒண்ணு வச்சிருக்கேன். மிதி கிடையாது. ஒரு துளை, ஒரு இடுக்குன்னு மாறி மாறி இருக்கிற ஒரே சட்டம்தான் விழுதுக்கும் (இழையைத் தூக்கி இறக்கறது) அச்சுக்கும் (சீப்பு மாதிரி இழையைப் பிரிச்சு, நெருக்கி அடிக்கிறது). மேலே தூக்கினா இழைகளுக்கு நடுவில ஒரு வாய் திறக்கும், கீழே அழுத்தினா இன்னொரு வாய். ரிஜிட் ஹெடில் லூம்னு சொல்லி விக்கிறாங்க. சட்டத்துல அங்குலத்துக்கு 10 இழை வரும்.

தோள்பை தைக்கறதுக்காக 15 அங்குல அகலத்துல 150 இழை பாவு (நீளவாக்கு நூல்) போட்டேன். நீளம் ரெண்டரை மீட்டர். பருத்தி நூல்தான், பாவுக்கும் ஊடைக்கும் (குறுக்கு நூல்) அதே நூல். ஆரம்பத்துல 15 அங்குலமா இருந்த துணி அரை மீட்டர் நெய்யறதுக்குள்ள 12 அங்குலத்துக்கு வந்துடுச்சு. நடு இடுப்பு சிறுத்த மாதிரி ரெண்டு பக்கமும் உள்ளே வளையுது. ஓரத்துல இருக்கிற பாவு இழை சாய்ஞ்சு வந்து சட்டத்துல உரசுது. உரசின இடத்துல முதல்ல பஞ்சு மாதிரி மயிர் கிளம்புது, அப்புறம் பட்டுன்னு அறுந்துடுது. இடது பக்கம் மூணு இழை போச்சு.

நான் இழுக்கிறதுதான் தப்பா, தறியிலயே கோளாறா? மீதிப் பாவை என்ன செய்யலாம்னும் சொல்லுங்க. அறுத்துப் போட மனசு வரல.

கைவேலைப்பிரியை, திருச்சி:

ஊடையை நேர்கோடா போட்டு இழுக்கறீங்கன்னு நினைக்கிறேன். ஊடை நேரா போற நூல் இல்ல. ஒவ்வொரு பாவு இழைக்கும் மேலயும் கீழயும் ஏறி இறங்கித்தான் போகணும். அதுக்குக் கூடுதல் நீளம் வேணும். நீங்க கொடுக்கலைன்னா ஓரத்தை உள்ளே இழுத்து அது தானே எடுத்துக்கும்.

ஊடை சுத்தின நாடாவை ஒரு பக்கத்துலேர்ந்து விட்டதும் நூலைச் சாய்வா வைங்க. நுழையற ஓரத்துல துணியைத் தொட்டுக்கிட்டு, வெளியே வர ஓரத்துல மூணு நாலு அங்குலம் மேலே. இல்லைன்னா நடுவில குன்று மாதிரி வளைச்சு விடுங்க. அப்புறம் சட்டத்தை இழுத்து அடிங்க. ஓரத்துல நூல் திரும்பற இடத்தை விரலால லேசா பிடிச்சா வளையமா துருத்தாது.

பருத்தி, மதுரை:

அது சரி, கூடவே பாவு சுத்தின விதத்தையும் பாருங்க. பின் உருளையில சுத்தும்போது அடுக்குக்கு அடுக்கு நடுவில தாள் வச்சீங்களா? வைக்கலைன்னா மேல் அடுக்கு இழை கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சு சில இழை தொய்வாவும் சில இழை விறைப்பாவும் வரும். சார்ட் அட்டை நல்லது. நாளிதழ்னா ரெண்டா மடிச்சு வைங்க.

இன்னொண்ணு, ஃபேனுக்கு நேர் கீழே உக்காந்து நெய்யறீங்களா? பருத்தி நூல் ஈரம் இருந்தா பலம், காய்ஞ்சா முறியும். காத்து பாவு மேல படாத இடமா மாத்திப் பாருங்க.

நூல்கண்டு:

ரெண்டு பேருக்கும் நன்றி. தாள் வச்சுத்தான் சுத்தினேன், பாவு எல்லா இடத்திலயும் ஒரே விறைப்பாத்தான் இருக்கு. ஃபேன் நேர் மேலதான் இருந்தது. தறியை ஜன்னல் பக்கம் நகர்த்திட்டேன், நூல் முன்ன மாதிரி சிலிர்க்கல.

சாய்வா வச்சு நெய்து பார்த்தேன். முன்னைக்கு இப்ப பரவாயில்ல, 13 அங்குலத்துக்கிட்ட நிக்குது. ஆனா துணி கொசுவலை மாதிரி இருக்கு. விரலை வச்சு அழுத்தினா இழை ரெண்டு பக்கமும் விலகி ஓட்டை தெரியுது. கொஞ்சம் பலமா அடிச்சா உடனே அகலம் மறுபடி குறையுது. தளர விட்டா வலை, அடிச்சா ஒடுக்கம். இதுல பை எப்படித் தைக்கறது?

தறிவீடு, சென்னிமலை:

வணக்கமுங்க. எங்க வீட்டுல மூணு தலைமுறையா தறிங்க, பெட்ஷீட் நெய்யறோம். நீங்க கடைசியா எழுதின "கொசுவலை"யிலதான் விஷயம் இருக்குதுங்க. என்ன நூல் போட்டீங்கன்னு எழுதவே இல்லீங்களே. நம்பர் என்ன, எத்தனை இழை சேர்த்துப் போட்டீங்க?

பதில் வர்றதுக்குள்ள ஒரு கணக்கு மட்டும் பார்த்துக்கங்க. 150 இழை 12 அங்குலத்துல நின்னா அங்குலத்துக்கு பன்னண்டரை இழைங்க. நீங்க 10 கொடுத்தீங்க, துணி தனக்குப் பத்தலைன்னு நெருங்கிப் போகுது. ஊடையை எவ்வளவு தளர்வா விட்டாலும், அடிக்கிறப்ப அது நெருங்கத்தான் பார்க்கும். கைப்பக்குவம் பாதி வேலைதானுங்க. மீதி நூலுக்கும் அச்சுக்கும் உள்ள பொருத்தம்.

நூல்கண்டு:

அண்ணா, லேபிள்ல 2/20னு போட்டிருக்கு. சிட்டமா (நூல் கத்தையா) வாங்கினேன். மெல்லிசா இருக்கேன்னு ரெண்டு இழை சேர்த்து ஒரு துளைக்குப் போட்டேன்.

தறிவீடு:

அதுதானுங்க காரணம். 20ன்னா, 840 கஜம் நீளமுள்ள சிட்டம் இருபது சேர்ந்தா ஒரு பவுண்டு எடை. நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. 2/20ன்னா அதுல ரெண்டை முறுக்கினது. எங்க பக்கம் அச்சு நம்பரை 2 அங்குலத்துக்கு எத்தனை பல்லுன்னு சொல்லுவோம். 40ஆம் நம்பர்னா 2 அங்குலத்துல 40 பல்லு, பல்லுக்கு ரெண்டு இழை, அப்ப அங்குலத்துக்கு 40 இழை வந்துருதுங்க. 2/20ஐ ஒத்தையா ஓட்டினா கிட்டத்தட்ட அந்த நெருக்கம் கேக்கும். ரெண்டு சேர்த்தாலும் உங்க 10 எந்த மூலைக்கு?

நம்பர் தெரியாத நூலா இருந்தாலும் இதைக் கண்டுபிடிச்சிரலாம். ஒரு ஸ்கேல் எடுத்து, நீங்க துளைக்குப் போடற மாதிரியே இழைகளைச் சேர்த்து ஒரு அங்குலத்துக்குச் சுத்துங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியும் இருக்கோணும், மேல ஏறவும் கூடாது. இறுக்கவும் வேண்டாம். எத்தனை சுத்து வருதோ அதுல பாதிதான் சாதா நெசவுக்கு அங்குலத்துக்கு வேண்டிய இழை. மீதிப் பாதி இடம் ஊடை ஏறி இறங்கறதுக்கு. சுத்திப் பார்த்துட்டு எழுதுங்க.

நூல்கண்டு:

சுத்திப் பார்த்தேன் அண்ணா. ரெண்டு இழையா சேர்த்தா 44 சுத்து வருது. பாதின்னா 22! நான் 10ல போட்டிருக்கேன். நாலு இழையா சேர்த்துச் சுத்தினா 32. ஆறு இழையா சேர்த்தா 26.

அப்ப அடுத்த தடவை ஆறு இழை போடலாமா? 13 வேணும், சட்டத்துல 10தான் இருக்கு.

தறிவீடு:

ஆறு போடுங்க. 13க்கும் 10க்கும் பெரிய தூரமில்லீங்க. நனைச்சா நூல் உப்பி அந்த இடைவெளி அடைஞ்சுக்கும். பைக்கு வேண்டிய கனமும் வரும். ஒரு விஷயம், ஆறு இழையும் ஒரே விறைப்புல வரோணும். ஆறு கண்டுலேர்ந்து சேர்த்து இழுக்கறப்ப ஒண்ணு தொய்ஞ்சா அது துணியில வளையமா நிக்கும். 2/20 முறுக்கின நூலுங்கறதால கஞ்சி கட்டாயமில்லை. முறுக்கிச் சேர்க்காத ஒத்தை நூல்னா சோத்துக் கஞ்சியைத் தண்ணியாக்கி பாவுல பூசிக் காயவிட்டுத்தான் நெய்யோணும்.

இப்ப தறியில மிச்சமிருக்கிற பாவு. அதை அறுக்காதீங்க. அகலமா விலகி நிக்கிற பாவுங்கறது ஜமுக்காளத்துக்கு ஏத்த பாவுங்க. பவானி ஜமுக்காளத்தைத் திருப்பிப் பாருங்க, பாவு கண்ணுக்கே தெரியாது. ஊடைதான் நெருக்கி நெருக்கி அடிச்சு மேல நிக்கும். பட்டை பட்டையா வர்ற கலர் எல்லாம் ஊடையோடது. நீங்களும் நாலு இழை சேர்த்து ஊடையாப் போட்டு, பாவு மறையற அளவுக்கு அடிங்க. ஒரே வளைவு இதுக்குப் பத்தாது. 13 அங்குலத்துக்குள்ள நாலஞ்சு சின்ன மேடா விரலால அமுக்கி அமுக்கி விட்டு அப்புறம் அடிங்க. இங்க பாவு நேரா நிக்கும், ஊடைதான் வளைஞ்சு வளைஞ்சு போகும். அதனால சாதா நெசவை விட நிறைய நூல் குடிக்கும், முதல்லயே கையில வச்சுக்கங்க. தறி மேசையில நகராத மாதிரி கட்டிக்கங்க.

அறுந்த இழைக்கு: புது நூலை அதே துளை வழியா இழுத்து, நெய்த துணியில ஒரு குண்டூசி குத்தி அதுல 8 வடிவமாச் சுத்துங்க. பின்னாடி மீதியைச் சுருட்டி, நட்டு போல்ட்டோ சாவிக்கொத்தோ கட்டித் தொங்க விட்டா பக்கத்து இழை மாதிரியே விறைப்பா நிக்கும். பழைய முனைகளை நெய்து முடிச்சப்புறம் ஊசியில கோத்து உள்ளே ஓட்டிக்கலாம்.

பருத்தி:

நல்ல விளக்கம் அண்ணா. ஒரு சின்ன சேர்க்கை. மெல்லிய துணிதான் வேணும்னா, அதே மாதிரி இன்னொரு 10 சட்டம் வாங்கி ரெண்டையும் ஒண்ணன் பின்னால ஒண்ணா மாட்டினா அங்குலத்துக்கு 20 இழை கிடைக்கும். தறியில ரெண்டு சட்டத்துக்கு இடம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. இழை கோக்கறது பொறுமையான வேலை, ஆனா துப்பட்டா மாதிரி நெய்ய அது நல்ல வழி.

நூல்கண்டு:

வந்து சொல்லணும்னு இருந்தேன். மிச்சப் பாவுல ஜமுக்காள நெசவு போட்டேன். மஞ்சள், கருநீலம், நடுவில மெல்லிசா ஒரு சிவப்புப் பட்டை. பாவு சுத்தமா மறைஞ்சிடுச்சு. அகலம் 13லயே நிக்குது. ஓர இழை உரசல் இருக்கு, ஆனா அறுபடல. கொசுவலையா இருந்த அதே பாவு இப்ப மணையில விரிக்கிற அளவுக்குக் கெட்டியா இருக்கு. அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

புதுப் பாவு ஆறு இழை போட்டு, தோள்பைத் துணியும் நெய்துட்டேன். சட்டத்துல 15, தறியில துணி பதிமூணரை. கழட்டி, வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு அலசிக் காயவச்சா 13க்குக் கொஞ்சம் கம்மி. விரலால அழுத்தினா இப்ப இழை விலகல.

அடுத்த பயம், கத்தரி வைக்கிறதுதான். வெட்டின இடத்துலேர்ந்து எல்லாம் பிரிஞ்சு வந்துடுமோ? வீட்டுல இருக்கிறது பழைய கால் மிதி மெஷின், நேர்த் தையல் மட்டும்தான். சும்மா ஒரு துண்டுல தைச்சுப் பார்த்தேன், அடியில நூல் கூடு மாதிரி கட்டிக்குது.

தையல்கடை அக்கா, விருதுநகர்:

கண்ணு, பயப்படாதே. முதல்ல தைச்சுட்டு அப்புறம்தான் வெட்டணும். எங்க வெட்டப் போறியோ அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும், கோட்டை ஒட்டியே பொடித் தையலா ரெண்டு வரிசை ஓட்டிடு. நடுவில கத்தரி போடு. ஜிக்ஜாக் இல்லாட்டியும் ஒரு இழை கழண்டு வராது. துணியை அலசிட்டே வெட்டறது நல்லது, நீ அதைச் செஞ்சுட்ட.

அடியில நூல் கூடு கட்டினா முக்காவாசி கோளாறு மேல் நூல்லதான், பாபின்ல இல்ல. நூல் டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவில உக்காராம மேலோட்டமா போயிருக்கும். ஃபுட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு நூல் கோத்துப் பாரு, அப்பதான் தட்டு விலகி நூல் உள்ளே போகும். தைக்கிறப்ப ஃபுட்டு இறங்கியிருக்கான்னு பாரு. கனத் துணியில அது இறங்கின மாதிரியே தெரியும், இறங்கியிருக்காது. முதல் நாலு தையலுக்கு மேல் நூலு, கீழ் நூலு ரெண்டு முனையையும் பின்பக்கம் பிடிச்சுக்கோ. ஊசி 16ஆம் நம்பர் புதுசு போடு. மெல்லிய ஊசி இந்தத் துணியில வளைஞ்சு தையல் விட்டுப்போகும். பைத் தையலுக்குத் தையல் நீளத்தைக் கூட்டிக்கோ.

மடிப்பு மேல மடிப்பு வர இடத்துல ஃபுட்டு முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் சரிஞ்சு நிக்கும், துணி நகராது. அதே துணியில ஒரு துண்டை மடிச்சு ஃபுட்டுக்குப் பின்னால அடியில கொடு, சமமாகிடும். அந்த இடத்துல மிதிக்காம சக்கரத்தைக் கையால சுத்து.

நூல்கண்டு:

மேல் நூல்தான் அக்கா! ஃபுட்டைத் தூக்கிட்டுக் கோத்ததும் சரியாயிடுச்சு. நெய்த கரையை வெட்டாம பையோட வாய்ப்பக்கம் வர மாதிரி வைக்கலாமா? லைனிங்குக்கு அம்மாவோட பழைய காட்டன் புடவை போதுமா?

தையல்கடை அக்கா:

கரையை வாய்ப்பக்கம் வைக்கிறதே அழகு, மடிச்சு அடிக்கிற வேலையும் மிச்சம். ஆனா பாரம் இழுக்கிறது பாவுப் போக்குல இல்லாம ஊடைப் போக்குல வரும். அதனால தோள்வாரை வாய்லயே முடிச்சுடாதே. ரெண்டு பக்கமும் அடி வரைக்கும் இறக்கித் தைச்சுடு, பாரம் வார் மேல போயிடும்.

புடவை போதும். பலதடவை துவைச்சது, இனி சுருங்காது. முந்தானைப் பக்கம் எடு, கொசுவம் உரசின பக்கம் வேண்டாம், அங்க நூல் நைஞ்சிருக்கும். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா தெரியும்.