எக்ஸ்பி காலத்து பேக்கப் கோப்பைப் புதிய கணினியில் திறப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி அடியோடு நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றி அவர் பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகள் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரே பி.கே.எஃப். கோப்பாக இருக்கின்றன. எக்ஸ்பியில் இருந்த என்டிபேக்கப் நிரல் உருவாக்கிய கோப்பு அது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த நிரல் இல்லாததால், என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் திறக்க வழியில்லை. மூலக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

மடிக்கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் கணினியில் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் மீட்டெடுக்கலாம் என்று நினைக்கிறேன். இணைய இணைப்பு கொடுக்க மாட்டேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இதைவிட எளிய வழி உண்டா?

பெரிய கவலை எழுத்துருதான். எல்லாம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. மை டாக்குமென்ட்ஸ் மட்டும் பேக்கப் ஆகியிருந்தால் எழுத்துரு அதில் இருக்காது. தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் தெரியும். கொம்பும் காலும் இடம் மாறாமல், அடிக்குறிப்புகள் குலையாமல் வேர்டு கோப்பை அப்படியே யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றி எது? பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.