முட்டிவலி உள்ள அம்மாவோடு குன்னூர் சிம்ஸ் பூங்கா: இறங்கி ஏற முடியுமா?

திருச்சியிலிருந்து கேட்கிறேன்:

ஆயுதபூஜை விடுமுறைக்குக் குன்னூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. சமதளம் என்றால் கைத்தடியோடு நன்றாகவே நடப்பார். படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவார்.

இந்தப் பயணமே அவருக்காகத்தான். தாத்தா குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் கணக்கு எழுதினார். அம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிம்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போவாராம். அங்கே ருத்ராட்ச மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு பழத்தைப் பொறுக்கி, நீலத் தோலை நகத்தால் உரித்து, உள்ளே இருந்த கொட்டையைத் தேய்த்துக் கழுவி மகள் கையில் வைத்தாராம். அந்தக் கொட்டை இன்றும் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மரத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார், வேறு எதுவும் கேட்கவில்லை.

கணவர் போட்டிருக்கும் திட்டம் என்னவென்றால், காலையில் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் காட்சிமுனைகள், மதியம் ஊட்டிக்குப் போய்த் தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம், எல்லாம் ஒரே நாளில். எனக்குப் பயமாக இருக்கிறது. பூங்காவில் ஏற்ற இறக்கம் எவ்வளவு? பெரியவன் மலை ரயில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், அக்டோபரில் அதை நம்பலாமா? சொந்தக் காரில் நீலகிரிக்கு வருவதற்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) இன்னும் கேட்கிறார்களா?

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து:

நான் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறேன், வாரத்தில் நாலு நாள் காலையில் அங்கேதான் நடை. அதனால் முட்டி விஷயத்தை முதலில் சொல்கிறேன் அக்கா.

சிம்ஸ் பூங்கா ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. 1874-ல் ஜே.டி. சிம்ஸ் என்ற அரசுச் செயலரும் மேஜர் மர்ரேயும் சேர்ந்து உருவாக்கியது. சரிவை வெட்டிச் சமன் செய்யாமல் மலை இருந்தபடியே விட்டு, நடுவில் பாதை போட்டார்கள். அதனால்தான் இவ்வளவு அழகு. உங்கள் அம்மாவுக்குச் சிரமமும் அதனால்தான். மேலே 1,798 மீட்டர், கீழே 1,768 மீட்டர், அதாவது முப்பது மீட்டர் வித்தியாசம். பத்து மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளமும் படகும் அடியில் இருப்பதால் எல்லோரும் பேசிக்கொண்டே சுலபமாக இறங்கிவிடுகிறார்கள். தேய்ந்த முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் வலிக்கும், அந்த வலியோடு திரும்ப மேலே ஏறவும் வேண்டும். பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன், மனசு கேட்காது.

ஆகவே அம்மாவைக் குளம் வரைக்கும் கொண்டுபோக வேண்டாம். மேல் பகுதிப் பாதைகளிலேயே பூச்செடிகளும் பெரிய மரங்களும் நிறைய, உட்கார இடமும் உண்டு. கணவர் பிள்ளைகளைப் படகுக்கு அழைத்துப் போகட்டும், நீங்கள் அம்மாவோடு மேலேயே இருங்கள். கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் குமிழைப் பார்த்து, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாதையில் பாசி வழுக்கும், நானே ஒரு தடவை விழுந்திருக்கிறேன்.

ருத்ராட்ச மரம் இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போதே ஊழியர்களிடம் அதைச் சொல்லி, எந்தப் பாதையில் படி குறைவு என்று கேளுங்கள், இந்த மாதிரிக் காரணம் சொன்னால் கூடவே வந்து காட்டுவார்கள். மரத்திலிருந்து எதையும் பறிக்கக் கூடாது.

கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வேன்கள் வந்து இறங்கினால் அமைதி போய்விடும், வெளியே வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. தின்பண்டத்தைக் கையில் வெளிப்படையாக வைத்திருக்காதீர்கள், குரங்கு சின்னவன் கையிலிருந்துதான் முதலில் பிடுங்கும். காட்டுமாடு இப்போது ஊருக்குள்ளேயே திரிகிறது, பார்த்தால் ஒதுங்கி நில்லுங்கள், போனை நீட்டிக்கொண்டு கிட்டே போக வேண்டாம்.

கணவரிடம் சொல்லுங்கள், அந்தத் திட்டத்தில் அம்மா பார்க்கப் போவது கார் கண்ணாடியை மட்டும்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பட்டை ஆரம்பிக்கும், நீராவி என்ஜின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போகும். குன்னூர் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொர்க்கம், ஆனால் முட்டி மடக்கி நெருக்கமாக உட்கார வேண்டும், உங்கள் அம்மாவுக்கு அது பெரிய சோதனை.

அக்டோபர் மூன்றாவது வாரம் என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி பக்கமெல்லாம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கொட்டும். குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் இங்கே அக்டோபர், நவம்பர்தான் மழைக்காலம். தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் சரிந்து கல்லாறு–குன்னூர் இடையே ரயிலை ரத்து செய்வது வருடா வருடம் நடக்கிறது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருவிலிருந்து மேலே வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் வரை யாரும் தூங்கவில்லை. கனமழை எச்சரிக்கை இருந்தால் ரூம் பணம் போனாலும் பரவாயில்லை, கிளம்பாதீர்கள்.

பையனுக்கு ரயில்தான் வேண்டும் என்றால் குன்னூரிலிருந்து ஊட்டிக்குத் தனியாக ரயில்கள் இருக்கின்றன, பத்தொன்பது கிலோமீட்டர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும். அதில் டீசல் என்ஜின். இருந்தாலும் குகைக்குள் போகும்போது பிள்ளைகள் கத்தும் கத்தல் ஒன்றுதான்.

இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நடைமுறை. கிளம்பும் முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காலையில் பூரி கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கையில் இஞ்சி மரப்பா இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முட்டிவலி என்றால் ஊட்டி தாவரவியல் பூங்காதான் நல்லது. 1848-ல் மெக்ஐவர் போட்டது, இருபத்திரண்டு ஹெக்டேர். அதுவும் மலைச்சரிவுதான், ஆனால் வாசல் பக்கம் விரிந்திருக்கும் புல்வெளியில் பெரியவர்கள் சுகமாக நடக்கலாம். இரண்டு கோடி வருடத்துக் கல்மரமும் அங்கே இருக்கிறது. மாமியாரைப் போன வருடம் கூட்டிப் போனோம், கஷ்டப்படாமல் இரண்டு மணி நேரம் இருந்தார்.

திருச்சியிலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஈரோட்டு அண்ணா சொன்ன புல்வெளி பற்றிக் கேட்டுவிட்டு, "அங்கே அப்பா என்னைக் கூட்டிப் போனதில்லையே" என்றார். அதனால் சிம்ஸ் பூங்காதான். கணவரும் பட்டியலைக் கிழித்துவிட்டார்: ஒரு நாள் முழுக்கப் பூங்கா, மறுநாள் பிள்ளைகளுக்கு மட்டும் அப்பாவோடு ஊட்டி ரயில். மழைக்குப் பயந்து பயணத்தை அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவிட்டோம். டிசம்பர் கடைசி வாரம் சரியாக இருக்குமா?

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து:

டிசம்பர் அக்டோபரைவிட எவ்வளவோ மேல். பனியும் குளிரும் இருக்கும், குளிருக்கு முட்டி இறுகிக்கொள்ளும், அதனால் அம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும் முட்டிக்கு உறையும் கட்டாயம். நான் சொன்ன நேரத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள், கதவு திறந்ததும் வேண்டாம், வெயில் ஏறி ஒன்பதரை மணிக்கு மேல் போனால் பாதை காய்ந்திருக்கும். முன்னதாக ஒரு டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்தக் கொட்டையையும் அம்மா கையோடு எடுத்து வரட்டும். வருவதற்கு முந்தின நாள் இங்கே எழுதுங்கள், காலை நடையில் மரம் வரைக்கும் போய் வழுக்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.