பிளாக் ஃபவுண்டர்களுக்கான ஆக்சிலரேட்டர், பிட்ச் கிராண்ட்: அட்லாண்டால இப்ப எதுக்கு அப்ளை பண்ணலாம்?

குமரன்_அட்லாண்டா:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் அட்லாண்டா பக்கத்துல அல்ஃபரெட்டால ஒரு கம்பெனில பத்து வருஷமா பேக்கெண்ட் வேலை. பக்கத்து சீட்ல ஆறு வருஷம் இருந்தவரு, பிளாக், அட்லாண்டாலயே பொறந்து வளர்ந்தவரு, போன வருஷம் வேலைய விட்டுட்டு சொந்தமா ஆரம்பிச்சிட்டாரு. வீட்டுக்கே வந்து வயசானவங்கள பாத்துக்குற ஹோம் கேர் ஏஜென்சிங்க இருக்குல்ல, அவங்களுக்கு ஷிஃப்ட் போடுற சாஃப்ட்வேர். அவரோட அம்மா முப்பது வருஷம் அந்த வேலை பாத்தவங்க, காலைல அஞ்சு மணிக்கு ஒருத்தர் லீவு சொன்னா அடுத்த ஆளைத் தேடி ஏஜென்சி எப்படி நாய் படாத பாடு படும்னு சின்ன வயசுலேர்ந்து பாத்தவரு. இப்ப ஏழு ஏஜென்சி மாசாமாசம் காசு கட்டி யூஸ் பண்றாங்க. நான் நைட்டும் வீக்கெண்டும் கோடு எழுதித் தர்றேன், சிடிஓவா (டெக்னாலஜி தலைவரா) வந்துடுங்கறாரு.

போன மாசம் ஒரு லோக்கல் பிட்ச் போட்டிக்குப் போனோம். மூணு நிமிஷம் பேச்சு, ரெண்டு நிமிஷம் கேள்வி. அவரு பேசுறாரு, நான் ஓரமா லேப்டாப்பைப் பிடிச்சிட்டு ஸ்லைடு தள்ளிட்டு நிக்கிறேன். முடிஞ்சதும் ஒரு ஜட்ஜ் அவரைத் தாண்டி என்னைப் பாத்து "டெக்னாலஜி நீங்க பண்ணதா"ன்னு கேட்டாரு. டிசைன் மொத்தமும் அவரோடது, நான் அவரு சொன்னதை எழுதுறவன். எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு, அவரே சிரிச்சிட்டு பதில் சொன்னாரு. கார்ல வரும்போது "இது எனக்குப் பழகிப் போச்சு"ன்னாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் நானே உக்காந்து தேட ஆரம்பிச்சேன்.

பிளாக் ஃபவுண்டர்களுக்குன்னே இருக்குற கிராண்ட் (திருப்பிக் குடுக்க வேண்டாத பணம்), ஆக்சிலரேட்டர் (சில மாசம் பயிற்சி குடுத்து ஸ்டார்ட்டப்பை வளர்க்குற திட்டம்), இதுல இப்ப எது உயிரோட இருக்கு? கேஸ் கீஸ் நடந்துச்சுன்னு அரைகுறையா கேள்விப்பட்டேன். இந்தியன் நான் கோ ஃபவுண்டரா சேர்ந்தா அவருக்குத் தகுதி போயிடுமா? ஒய் காம்பினேட்டர் மாதிரி பெரிய ஆக்சிலரேட்டருக்கு கம்பெனில 7% பங்கு குடுக்குறது சரியா?

எஸ்கியூஎல்_சித்தப்பா:
தம்பி, முதல்ல கேஸ் கதை, ஏன்னா அது உங்க ஊர் கதை. ஃபியர்லெஸ் ஃபண்டுன்னு அட்லாண்டால ஒரு வென்ச்சர் ஃபண்ட் (பங்கு வாங்கிட்டு ஸ்டார்ட்டப்புல பணம் போடுறது), ஏரியன் சிமோனும் இன்னும் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. கறுப்பினப் பெண்கள் நடத்துற சின்ன பிசினஸுக்கு 20,000 டாலர் கிராண்ட் போட்டி வெச்சாங்க, கம்பெனில 51% ஒரு பிளாக் பெண் கையில இருக்கணும்னு விதி. 2023 ஆகஸ்ட்ல எட்வர்ட் ப்ளம் நடத்துற அமைப்பு கேஸ் போட்டுச்சு, ஹார்வர்ட் அட்மிஷன் கேஸ் நடத்துன அதே ஆளு. எந்த சட்டத்தை வெச்சு போட்டாங்க தெரியுமா, 1866 சிவில் ரைட்ஸ் சட்டம். அடிமைத்தனம் ஒழிஞ்சதும், விடுதலையானவங்களுக்கும் வெள்ளைக்காரன் மாதிரியே ஒப்பந்தம் போடுற உரிமை வேணும்னு கொண்டுவந்த சட்டம், அதை வெச்சே இதை நிறுத்துனாங்க. கிராண்ட் போட்டியும் ஒரு ஒப்பந்தம்தான், அதுல இனம் பாக்கக்கூடாதுங்கறது வாதம். 2024 ஜூன்ல 11வது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு 2க்கு 1ன்னு போட்டிக்குத் தடை போட்டுச்சு, செப்டம்பர்ல சமரசம், போட்டியை மூடிட்டாங்க.

இதே மாதிரி சின்ன பிசினஸுக்கு உதவுற ஹலோ ஆலிஸ் தளத்து மேலயும் ப்ரோக்ரெசிவ் இன்சூரன்ஸ் மேலயும் 25,000 டாலர் கிராண்டுக்காக ஒரு கேஸ் ஒஹாயோல போட்டாங்க, அது 2024 மே மாசம் தள்ளுபடி ஆயிடுச்சு. ஆனா தள்ளுபடி ஆனதுக்குக் காரணம் போட்டவருக்கு அந்தக் கேஸைப் போடுற தகுதியே இல்லைங்கறது, திட்டம் சரிங்கறது இல்ல. அதனால வக்கீலுங்க பயந்துக்கிட்டு நெறைய எடத்துல "பிளாக்"ங்கற வார்த்தைய எடுத்துட்டு "வாய்ப்பு குறைவா கிடைச்ச ஃபவுண்டர்கள்"னு மாத்திட்டாங்க. நீங்க கூகுள்ல "பிளாக் ஃபவுண்டர் கிராண்ட்"னு தேடுனா வர்றதுல பாதி 2020, 2021 லிஸ்ட். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு அப்புறம் எல்லா பெரிய கம்பெனியும் செக் எழுதுன காலம் அது. கூகுளோட பிளாக் ஃபவுண்டர்ஸ் ஃபண்டே 2020ல 50 லட்சம் டாலரோட ஆரம்பிச்சதுதான், ஒரு கம்பெனிக்கு 1,00,000 வரைக்கும் குடுத்தாங்க, ஈக்விட்டி, அதாவது கம்பெனில பங்கு, துளிகூட கேக்கல. லிஸ்ட்டைப் பாத்து ஆசைப்படாதீங்க, அந்தந்த ப்ரோக்ராமோட இந்த வருஷப் பக்கத்துல கடைசித் தேதி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஃபார்ம் ரொப்புங்க.

உங்க தகுதிக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, சில எடத்துல ஒரு ஃபவுண்டர் பிளாக்கா இருந்தாப் போதும், சில எடத்துல 51% கேப்பான், அதனால பங்கு பிரிக்கும்போதே அவரு கையில 51க்கு மேல இருக்குற மாதிரி பிரிங்க. ஐடியா அவரோடது, கஸ்டமர் அவரோடது, வேலைய விட்டதும் அவரு. எப்படியும் நியாயம் அதுதானே.

நிதானம்_78:
யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா எனக்கு இது புரியல. பணம் போடுறவன் லாபத்தைப் பாப்பானா தோலைப் பாப்பானா? ப்ராடக்ட் நல்லா இருந்தா தானா வரும். நாமளும் ரெண்டு பொட்டியோட வந்து எறங்குனவங்கதான், நமக்கு யாரு தனியா ஃபண்ட் வெச்சா?

மதுரைக்காரி_என்ஜே:
நிதானம் அண்ணே, தப்பா எடுத்துக்கல, ஆனா அந்த ரெண்டு பொட்டிக்குள்ள என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு தடவை திறந்து பாருங்க. என் வீட்டுக்காரரு 2016ல கம்பெனி ஆரம்பிச்சப்ப முதல் 40,000 டாலர் எங்கேர்ந்து வந்துச்சு? மாமனார் ரிட்டயர்மெண்ட் பணம், என் நகை கொஞ்சம், கூடப் படிச்ச நாலு பேரு ஆளுக்கு அஞ்சாயிரம். இதுக்கு இங்க "ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி ரவுண்ட்"னு பேரு. இது ஏதோ சடங்கு மாதிரி எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சிட்டுத்தான் இன்வெஸ்டர் "இதுவரைக்கும் எவ்வளவு பணம் திரட்டுனீங்க"ன்னு கேக்குறான். ஃபெடரல் ரிசர்வ் 2022ல எடுத்த கணக்குல வெள்ளைக்காரக் குடும்பத்தோட மீடியன் சொத்து (வரிசைல நிறுத்துனா நடுவுல நிக்குற குடும்பத்தோடது) 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தோடது 44,900. இதுல எந்த மாமனார்கிட்ட போய் 40,000 கேக்குறது? அந்த ஓட்டையை அடைக்கத்தான் அண்ணே இந்த மாதிரி கிராண்ட் வந்துச்சு.

ப்ராடக்ட் நல்லா இருந்தா தானா வரும்ங்கறீங்களே, மீட்டிங் நேரம் புக் பண்ற கேலண்ட்லி நீங்க தினமும் யூஸ் பண்ணுவீங்க, அதை ஆரம்பிச்ச டோபே அவோடோனா நைஜீரியாலேர்ந்து வந்து அட்லாண்டால இருந்தவரு. சேமிப்பு, ரிட்டயர்மெண்ட் பணம் எல்லாத்தையும் வழிச்சு ரெண்டு லட்சம் டாலர் கிட்ட போட்டாரு, பல வென்ச்சர் ஆளுங்க கைய விரிச்சாங்க. 2021ல அதே கம்பெனிக்கு 300 கோடி டாலருக்கு மேல மதிப்பு. அவருக்கு வழிக்கிறதுக்கு சேமிப்பு இருந்துச்சு, இல்லாதவன் கதை நமக்குத் தெரியாமலே போயிடுது. ஸ்டார்ட்டப் முதலீட்டைக் கணக்கெடுக்குற கிரஞ்ச்பேஸ் சொல்றபடி 2023ல அமெரிக்க ஸ்டார்ட்டப்புக்குப் போன வென்ச்சர் பணத்துல பிளாக் ஃபவுண்டர்களுக்குப் போனது அரை சதவீதம் கூட இல்ல. ஜனத்தொகைல அவங்க 13, 14 சதவீதம். இடஒதுக்கீடு பத்தி சின்ன வயசுலேர்ந்து வாதம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரங்க நாம, இதுகூட புரியலன்னா எப்படி.

குமரன், அந்த ஜட்ஜ் விஷயம். அடுத்த தடவை நீங்க மேடைப் பக்கமே போகாதீங்க. ஸ்லைடு மாத்துற கிளிக்கர் 15 டாலர்தான், வாங்கி அவரு கையில குடுங்க. டெமோவையும் அவரே ஓட்டட்டும், ஸ்லைடு குறைச்சு அந்த காலைல அஞ்சு மணி கதைய லைவ்வா காட்டச் சொல்லுங்க: ஒரு ஆளு லீவு போடுறாங்க, சாஃப்ட்வேர் அடுத்த ஆளைத் தேடி மெசேஜ் அனுப்புது, ஏஜென்சிக்காரம்மா போன் அடிக்குது. ஹால்ல போன் அடிச்சா எவனும் யாரு பண்ணதுன்னு கேக்க மாட்டான்.

நிதானம்_78:
நகை விஷயம் யோசிக்கல. எங்க வீட்டுலயும் அதான் நடந்துச்சு. சரி.

பழைய_ஸ்டார்ட்டப்_பாவி:
காசு கணக்கு நான் சொல்றேன். ஒய் காம்பினேட்டர் மொத்தம் 5,00,000 டாலர் தர்றான், அதுல 1,25,000க்கு 7%. மிச்சம் 3,75,000க்கு இப்போதைக்கு விலை இல்ல, "அடுத்து வர்றவனுக்கு என்ன நல்ல டெர்ம் குடுக்குறியோ அதையே எனக்கும் குடு"ங்கற மாதிரி பேப்பர், அதனால 7%ன்னு மட்டும் கணக்குப் போடாதீங்க, அடுத்த ரவுண்ட்ல அது இன்னும் கொஞ்சம் சாப்பிடும். இன்னொரு ஆக்சிலரேட்டர் டெக்ஸ்டார்ஸ் டெர்மை மாத்தி 2,20,000 தர்றாங்க, 20,000க்கு 5%, மிச்சம் 2,00,000 இதே மாதிரி பேப்பர். பேரு பெரிசுங்கறதால கதவு திறக்கும், அதை மறுக்கல. நியூயார்க்ல ஸ்குவயர் (Squire)னு முடிதிருத்துற கடைங்களுக்கு சாஃப்ட்வேர் பண்ண ரெண்டு பிளாக் ஃபவுண்டர்கள் ஒய் காம்பினேட்டர்லேர்ந்து வந்தவங்கதான், தொழில் புரியணும்னு ஒரு கடையவே எடுத்து நடத்துனாங்க. உங்காளுக்கு அந்த வேலை மிச்சம், அம்மா ஏற்கனவே முப்பது வருஷம் நடத்திக் குடுத்துட்டாங்க.

ஆனா ஏழு கஸ்டமர் காசு கட்டுறாங்கன்னா அவசரப்பட்டு 7% ஏன் குடுக்கணும்? உங்க ஊர்லயே ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டியோட ஸ்டார்ட்டப் வளர்க்குற மையம் ஏடிடிசி 1980லேர்ந்து இருக்கு, பங்கு கேக்க மாட்டாங்க. ரஸ்ஸல் சென்டர் இருக்கு, பிளாக் தொழில்முனைவோருக்குன்னே ஹெர்மன் ரஸ்ஸல் பேர்ல நடக்குறது, முதல்ல அங்க போய் உக்காருங்க. கொலாப் கேபிடல்னு ஒரு ஃபண்டும் அட்லாண்டாலதான். அதை ஆரம்பிச்சவங்கள்ல ஜுவல் பர்க்ஸ் சாலமன் ஒருத்தங்க, சொந்தக் கம்பெனி பார்ட்பிக்கை 2016ல அமேசானுக்கு வித்துட்டு வந்தவங்க. அந்தப் பக்கம் உக்காந்து பிட்ச் பண்ணவங்க இந்தப் பக்கம் உக்காந்து கேக்குறாங்கன்னா அந்த வித்தியாசம் கேள்வியிலேயே தெரியும்.

நான் சூடு பட்டது சொல்றேன். பேரு வேணாம், ஒரு ஆக்சிலரேட்டர்ல 12 வாரம் இருந்தேன். வாரத்துக்கு அஞ்சு மெண்டர், திங்கக்கெழமை ஒருத்தர் விலைய ஏத்துங்கறாரு, புதன்கெழமை ஒருத்தர் ஃப்ரீயா குடுங்கறாரு, நான் எல்லாத்தையும் கேட்டு எல்லாத்தையும் மாத்தி, டெமோ டே (இன்வெஸ்டர்களுக்குக் காட்டுற கடைசி நாள்) அன்னிக்கு என் ப்ராடக்ட் என்னன்னு எனக்கே தெரியல. அந்த மூணு மாசத்துல இருந்த கஸ்டமர்ல ரெண்டு பேரு போயிட்டாங்க, அவங்க போனை எடுக்க ஆளில்ல. அப்ளிகேஷனுக்கே ஃபீஸ், மேடை ஏற ஃபீஸ்னு கேக்குற பிட்ச் ஈவெண்ட்டும் உண்டு, அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க. இன்னொன்னு, ஈக்விட்டி கேக்காத கிராண்டுன்னாலும் வரி உண்டு, 1,00,000 ஜெயிச்சா ஒரு லட்சமும் செலவழிக்கலாம்னு நெனச்சிடாதீங்க.

இப்ப யாரும் கேக்காத கேள்வி, குமரன். அந்தக் கோடு எந்த லேப்டாப்ல எழுதுறீங்க? வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட பேப்பர்ல "நீ கண்டுபிடிக்கிறதெல்லாம் கம்பெனிக்கு"ன்னு ஒரு பாரா இருக்கும். கம்பெனி லேப்டாப்லயோ கம்பெனி நேரத்துலயோ நாலு வரி எழுதியிருந்தாக்கூட, நாளைக்கு இன்வெஸ்டரோட வக்கீல் நோண்டும்போது டீல் அங்கயே நிக்கும். உங்க தப்புக்கு அவரு கம்பெனி அடிபடும்.

குமரன்_அட்லாண்டா:
பாவி அண்ணே, வயித்துல புளியக் கரைச்சிட்டீங்க. நைட்டோட நைட்டா பாத்தேன், கோடு எல்லாம் சொந்த மேக்புக்லதான், ஆனா ரெண்டு தடவை ஆபீஸ் லேப்டாப்லேர்ந்து கோடுல ஒரு தப்பை சரி பண்ணி அனுப்பியிருக்கேன், கிட் லாக்ல (யாரு எப்ப கோடை மாத்துனாங்கங்கற பதிவுல) என் ஆபீஸ் மெயில் ஐடி பல்லை இளிக்குது. அவருகிட்ட சொல்லிட்டேன். கோவப்படல, ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "சரி, அந்த ரெண்டு ஃபைலையும் நானே முதல்லேர்ந்து எழுதுறேன், நீ தொடாத"ன்னாரு. வக்கீலையும் பாக்கப் போறோம், என் ஆஃபர் லெட்டரை எடுத்துட்டு.

பங்கு அவருக்கு 70, எனக்கு 20, மிச்சம் பின்னாடி வர்றவங்களுக்குன்னு பேசியிருக்கோம். ஆனா நான் இன்னும் வேலைய விடல, அதனால வெஸ்டிங் (பங்கு காலப்போக்குல கொஞ்சம் கொஞ்சமா நம்மளோடதாகுறது) எப்ப ஆரம்பிக்கணும்னு ஒரு குழப்பம்.

எஸ்கியூஎல்_சித்தப்பா:
நாலு வருஷ வெஸ்டிங், முதல் வருஷம் முடியாம கெளம்புனா ஒண்ணும் கிடையாது, அதான் ஊர் வழக்கம். ஆரம்பத் தேதி நீங்க முழுநேரமா போற அன்னிக்குன்னு போடுங்க, அவருக்கு ஏற்கனவே ஓடுன வருஷத்தைக் கணக்குல சேத்துக்குடுங்க. பங்கு கைக்கு வந்த 30 நாளுக்குள்ள 83 பி ஃபார்ம் (பங்குக்கான வரியை வாங்குன அன்னிக்கு மதிப்புல கணக்குப் போடச் சொல்ற ஃபார்ம்) வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போயிடணும், 31வது நாள் அழுதாலும் நடக்காது. தபால்ல அனுப்புனா சர்ட்டிஃபைட் மெயில்ல அனுப்பி ரசீதை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

குமரன்_அட்லாண்டா:
நன்றி சித்தப்பா, கேலண்டர்ல போட்டுட்டேன். ஏடிடிசிக்கும் ரஸ்ஸல் சென்டருக்கும் இந்த வாரம் அப்ளை பண்றாரு, ஒய் காம்பினேட்டர் கஸ்டமர் இருபது ஆனதும் பாக்கலாம்னு சொல்லிட்டாரு. கிளிக்கரும் ஆர்டர் போட்டாச்சு மதுரைக்காரி அக்கா, 12 டாலர்தான் ஆச்சு.