யூதர் ஒடுக்குமுறை எந்தக் கட்டத்தில் இன அழிப்பாக மாறியது?

கேள்வி: கோபி ஆசிரியர்

வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். நாஜி ஜெர்மனி பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஏனுங் சார், கடைய அடைக்கச் சொன்னப்பவே அவங்க கெளம்பிப் போயிருக்கலாமில்லீங்களா?" என்று கேட்டாள். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததையும் சுமார் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்த என் தவறு அப்போதுதான் உறைத்தது. சட்டம் போட்டு ஒதுக்கிய அரசு, கொன்றொழிக்கும் அரசாக மாறியது எப்போது? கரும்பலகையில் எந்த ஆண்டுக்கு நேராகக் கோடு போடுவது?

பதில் 1: பவானி, ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்

ஆசிரியர் ஐயா, பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதத்தோடு காலம் கழித்தவன் நான். ஆகையால் என் கண்ணில் முதலில் படுவது பதிவேடுதான். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. ஒருவர் யூதரா இல்லையா என்பதை அவருடைய வழிபாட்டை வைத்தல்லாமல், தாத்தா பாட்டிமார் நால்வரில் எத்தனை பேர் யூதர் என்பதை வைத்தே முடிவு செய்தார்கள். 1938 ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு (ஜெர்மன் நாணயம்) மேல் சொத்துள்ள யூதர்கள் அனைவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் தேதி இரவு தொழுகைக் கூடங்களைக் கொளுத்தி, சுமார் 30,000 யூத ஆண்களை வதை முகாம்களுக்கு அனுப்பிவிட்டு, தண்டமாக 100 கோடி மார்க்கையும் யூதர்களிடமே வசூலித்தார்கள். சொத்து எவ்வளவு என்ற கணக்கு அதற்குள் அலுவலக மேசைக்கு வந்துவிட்டிருந்ததைக் கவனியுங்கள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பலர் கிளம்பத்தான் செய்தார்கள். 1933இல் ஜெர்மனியில் இருந்த சுமார் 5 லட்சம் யூதர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போர் மூளுமுன் வெளியேறிவிட்டனர். ஆனால் வெளியேறுவதற்கே பெரும் வரி கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லாதவரை ஏற்கவும் நாடுகள் தயாராக இல்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன. பெரும்பாலானவை கதவைத் திறக்கவில்லை. பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் போனவர்களை 1940இல் ஜெர்மன் படை அங்கேயே எட்டிப் பிடித்தது.

பதில் 2: திருப்பூர், பின்னலாடைத் தொழில்

தொழில் காரணமாக ஜெர்மனிக்குச் சென்றபோது நான் பார்த்த பழைய துணிச் சுருள் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 1941 செப்டம்பர் முதல், 6 வயது நிறைந்த யூதர் ஒவ்வொருவரும் மஞ்சள் நட்சத்திரத்தை ஆடையின் இடது மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார்கள். அந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டவை அல்ல. துணிச் சுருளில் வரிசை வரிசையாக அச்சிட்டு, வெட்டுவதற்குச் சுற்றிலும் கோடும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் தொழில் புத்தி முந்திக்கொண்டது: இதற்கு ஆர்டர் கொடுத்தவர் யார், சாயம் போட்டவர் யார், மீட்டர் கணக்கில் பில் எழுதியவர் யார்? வெறுப்புப் பேச்சு பேசாதவர்களும் அந்தப் பட்டறையில் இருந்திருப்பார்கள்.

பதில் 3: கோவை வாசகர்

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தக் காகிதக் கதை பாதிதான். கொல்லப்பட்டவர்களில் ஜெர்மன் யூதர் 2 லட்சத்துக்கும் குறைவு. போலந்து யூதர் மட்டுமே சுமார் 30 லட்சம். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் படிப்படியான ஆண்டுகளே வாய்க்கவில்லை. போரோடு சேர்ந்தே எல்லாம் வந்தது.

1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டுக்குள் நுழைந்த படையின் பின்னாலேயே கொலைக்குழுக்கள் சென்றன. முதலில் பெரும்பாலும் ஆண்களைச் சுட்டவர்கள், ஆகஸ்ட் வாக்கில் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே சுட்டார்கள். செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் கீவ் நகரை அடுத்த பாபி யார் பள்ளத்தில் கொல்லப்பட்டோர், கொன்றவர்களின் அறிக்கைப்படியே 33,771 பேர். டிசம்பரில் போலந்தின் செல்ம்னோவில், ஆட்களை உள்ளே அடைத்துக் கொல்லும் நச்சுப்புகை வண்டிகள் ஓடத் தொடங்கின. இவ்வளவும் நடந்த பிறகே, 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே மாளிகையில் 15 அதிகாரிகள் கூடி, ஒன்றரை மணி நேரம் அளவில் துறைகளுக்கிடையே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஆகவே வான்சேயில்தான் முடிவெடுத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே நாளைச் சுட்டுவதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளும் ஒப்புதல் இல்லை. நான் 1941 கோடை முதல் டிசம்பர் வரை பட்டையாகத் தீட்டுவேன்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கோட்டை அழித்துவிட்டுப் பட்டையாகவே தீட்டுகிறேன். என் வகுப்பில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர். துணிச் சுருளை அவர்களிடம் சொல்வேன். பவானி ஐயா, நாடு கடத்தும்போதும் படிவம் உண்டா?

பவானி

உண்டு. கட்டில், நாற்காலி, போர்வை, சட்டை எத்தனை என்று பல பக்கங்களை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வீட்டுச் சாவியையும் ஒப்படைக்க வேண்டும். ரயிலேறியவர்களின் சாமான்கள் பிறகு ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்களில் அண்டை வீட்டாரும் இருந்தனர்.