அப்பாவின் நினைவுரையில் எதை எழுதுவது, எதை விடுவது?

மூத்தமகள் (கேள்வி):

என் தந்தையார் சென்ற மாதம் தம் 81ஆம் வயதில் காலமானார். அம்மாவோடு 54 ஆண்டுகள் வாழ்ந்தவர். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள். உறவினரும் நண்பர்களும் கூடவிருக்கும் நினைவுக் கூட்டத்தில் குடும்பத்தின் சார்பாக நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நான்கு நாட்களாக எழுதுகிறேன். "அன்பான கணவர், பொறுப்பான தந்தை, பாசமிகு தாத்தா" என்ற வரியைத் தாண்டி எழுத்து நகரவில்லை. அந்த வரி பொய்யன்று. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அடுத்த வீட்டுப் பெரியவருக்கும் அது பொருந்திவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்களை வளர்த்த காலத்தில் அவர் கடுங்கோபக்காரர். மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாட்களுக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். என் மகளோ, தாத்தா குரலை உயர்த்தித் தான் கேட்டதே இல்லை என்கிறாள். கோபத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்கிறான். அதை விட்டுவிட்டால் பிள்ளைகள் மூவரும் அறிந்த மனிதர் அந்த உரையில் இருக்க மாட்டாரே என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய உரை எழுதியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழையபேனா:

அம்மா, தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். பல குடும்பங்களுக்கு நினைவு மலர்களைச் செப்பனிட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அன்பான, பொறுப்பான, பாசமிகு என்ற மூன்று அடைமொழிகளையும் முதலில் அடித்துவிடுங்கள். பிறகு உங்கள் தாயாரிடம் அமர்ந்து, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காமல், என்ன செய்வார் என்று கேளுங்கள். எப்படிப்பட்டவர் என்று கேட்டால் "தங்கமானவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

என் தந்தைக்கு நினைவுரை எழுதியபோது எனக்குக் கிடைத்தது இதுதான். அம்மாவின் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தபோது, அதுவரை சீப்பைத் தம் தலைக்கு மட்டுமே பயன்படுத்தியிருந்த அப்பா, நாள்தோறும் அம்மாவுக்குச் சடை பின்னிவிட்டிருக்கிறார். பின்னல் ஒருநாளும் நேராக வந்ததில்லையாம். அம்மாவும் அதை அவிழ்த்துப் பின்னச் சொன்னதில்லையாம். நல்ல கணவர் என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை அன்றே கிழித்துவிட்டேன்.

நம் பழைய புலவர்கள் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்துக்கொண்டு, இறந்தவரை நினைத்துப் பாடினார்கள். அவற்றில் என்னைத் தொட்டவை, புகழைவிட, அவர் இல்லாமல் பயனற்றுக் கிடக்கும் பொருள்களையும் இடங்களையும் சொல்லும் பாடல்களே. தாங்களும் அப்படி ஒரு பொருளிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

குறிப்பேடு:

மேலே உள்ள கருத்தோடு உடன்படுகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். முதியவர்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாக மேலெழுந்து வரும் என்று நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் தாயார் திருமணத்தையும் முதல் குழந்தையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கடைசிப் பத்து ஆண்டுகளை ஒரு வரியில் முடித்துவிடக் கூடும். கணவன் மனைவி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட காலம் பெரும்பாலும் அதுதான் என்பதால், அதைத் தனியாக, வேறொரு நாளில் கேளுங்கள். சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவின் குரல் யாருடைய கைப்பேசியிலாவது இருந்தால், அந்தக் கருவி பழுதாவதற்கு முன் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துவிடுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா அழுத்தினால் தடம் முன்புறம் தெரியும்.

கடிகாரத்தை வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். துயரத்தில் குரல் மெதுவாகும். ஒன்பது நிமிட உரை மேடையில் பன்னிரண்டாகிவிடும். இன்னொரு படியை உடன்பிறந்தவர் கையில் கொடுத்து வையுங்கள். குரல் உடைந்தால் அவர் தொடரலாம்.

பேரன்_2:

கோபத்தைப் பற்றி ஒரு பேரனாகச் சொல்கிறேன். என் தாத்தா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரே பின்னக் கணக்கை ஏழு முறை தவறாகப் போட்டாலும் எட்டாம் முறை விளக்குவார். அப்போதெல்லாம் என் அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. அதே கணக்குக்காக அவர் தாத்தாவிடம் அடிவாங்கியவர் என்பது தாத்தா மறைந்த பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அந்தப் பொறுமையின் மதிப்பு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை. கோபத்தை மறைத்துவிட்டால், அவர் தம்மை எவ்வளவு மாற்றிக்கொண்டார் என்பதும் மறைந்துபோகும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அந்தக் கோபத்தைத் தாங்கியவர்களுக்கே உண்டு என்பதால், தம்பியின் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள்.

மூத்தமகள்:

மூவருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் புகைப்படத் தொகுப்பைக் கொடுத்து, கடைசி ஆண்டுகளைப் பற்றி மட்டும் கேட்டேன். அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய படங்களில் அப்பா எங்கெங்கோ நிற்கிறார். அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள் உட்பட, அம்மாவின் வலப்புறமே அமர்ந்திருக்கிறார். மற்றவர்கள் பேசுவதை அம்மாவின் வலது காதில் மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். எங்கள் மூவரில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. என் மகளுக்குத் தெரிந்திருக்கிறது; அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை.

அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். பேரனின் மறுமொழியைத் தம்பிக்கு அனுப்பிவைத்தேன். இன்று காலை அழைத்து, கோபத்தைப் பற்றிய பத்தியைத் தானே எழுதித் தருவதாகவும், அதைத் தானே படிப்பதாகவும் சொன்னான்.