கலைச்சொல்: 'அமுக்க வெடிப்பு' வேண்டாம், 'உள்ளமுக்க இழப்பு' என்போம்

அன்பு நண்பர்களுக்கு,

நாங்கள் சேர்க்கும் விமானக் கலைச்சொல் பட்டியலுக்கு, பறக்கும் விமானத்துக்குள் காற்றமுக்கம் குறைந்துபோவதற்கு (decompression) கல்முனைத் தம்பி சொன்ன 'அமுக்க வெடிப்பு' எனக்குச் சரியாகப் படவில்லை. அதைக் கேட்கிறவர் பெரிய சத்தத்தை எதிர்பார்ப்பார். பல வேளை சத்தமே வராது.

2005 ஆகஸ்ட் 14இல் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தைப் பாருங்கள். உள்ளமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளி, தானியக்கத்தில் இருப்பதற்குப் பதிலாகக் கைமுறை நிலையில் கிடந்தது. விமானம் ஏற ஏற உள்ளே காற்று ஐதாகிக்கொண்டே போனது. எச்சரிக்கை ஒலியும் அடித்தது. ஆனால் புறப்படும்போது இறக்கைத் தட்டுகள் போன்றவை சரியான நிலையில் இல்லாவிட்டாலும் அதே ஒலிதான் அடிக்கும். விமானிகள் அதுவென்றே எடுத்துக்கொண்டார்கள். ஒட்சிசன் குறைந்தால் முதலில் கெடுவது யோசிக்கும் திறன். தனக்கு என்ன நடக்கிறது என்பதே ஆளுக்குப் பிடிபடாது. 121 பேரும் இறந்தார்கள். எதுவும் வெடிக்கவில்லை.

கூரை பிய்ந்துபோன 1988ஆம் ஆண்டு அலோஹா 243 விமானம் போன்றவையும் உண்டுதான். அவற்றைத் 'திடீர் உள்ளமுக்க இழப்பு' என்றால் போதும். தமிழகத்து நண்பர்கள் 'உள்ளழுத்த இழப்பு' என்று எழுதட்டும்; எங்கள் பாடநூல்களில் அமுக்கம்தான்.

அப்புறம், cabin altitude என்பதற்கு 'அறை உயரம்' என்ற சொல். தரையிலிருந்து கூரை எவ்வளவு என்றுதான் எவரும் விளங்கிக்கொள்வார். விமானியின் மானி காட்டுவது வேறு: உள்ளே இருக்கும் காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம் என்பது. விமானம் 35,000 அடியில் போனாலும் உள்ளே அது ஏறத்தாழ 8,000 அடிக்கு மேல் போகாதபடி வைத்திருப்பார்கள். எங்கள் பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. ஏறக்குறைய அங்கே இருக்கிற மாதிரி. உள்ளே அந்த அளவு 10,000 அடியைத் தாண்டினால் எச்சரிக்கை, சுமார் 14,000இல் பயணிகளின் முகமூடிகள் தொங்கும். இதை 'உள்ளமுக்க உயரம்' என்போம்.

'அவசர இறக்கம்' என்பதையும் 'அவசரத் தரையிறக்கம்' என்பதையும் கலக்கக் கூடாது. உள்ளமுக்கம் குறைந்தால் விமானிகள் முதலில் தங்கள் முகமூடியைப் போடுவார்கள், ஏனென்றால் 35,000 அடியில் தெளிவாக இயங்கக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். பிறகு, கீழே மலை இல்லாவிட்டால், 10,000 அடிக்கு விரைவாக இறக்குவார்கள். அது அவசர இறக்கம். எங்கே தரையிறங்குவது என்பதை அங்கே போய்த்தான் தீர்மானிப்பார்கள்.

கல்லடியிலிருந்து

*

சேர்,

'வெடிப்பு' வேண்டாம், ஏற்கிறேன். 'உள்ளமுக்க உயரம்' நல்லா இருக்கு. ஒன்று மட்டும்: இவை கையேட்டுக்குச் சரி, பயணிகளுக்கான அறிவிப்புக்குச் சரிவராது. டோஹாவுக்கு முதன்முதலாகப் போகிற ஒரு தாய்க்கு 'உள்ளமுக்க இழப்பு ஏற்படின்' என்றால் விளங்குமா? 'விமானத்துக்குள் காற்று குறைந்தால் மேலிருந்து முகமூடி விழும். இழுத்து, மூக்கையும் வாயையும் மூடிப் போடுங்கள். முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு' என்று எழுதுவோம். பட்டியலில் இரண்டையும் தனித்தனியே சேர்க்கிறேன்.

கல்முனையிலிருந்து